பழைய சோறும் புதிய விஞ்ஞானமும்

பொழுது புலருமுன்னரே தண்டையார்பேட்டை விழித்துக்கொள்கிறது. துறைமுகத்துக்கும், காசிமேட்டுக்கும், எண்ணெய்க் கிடங்குகளுக்கும், சரக்கு ரயில் நிலையத்துக்கும் வேலைக்குச் செல்லும் தொழிலாளி, முதல்நாள் இரவு தண்ணீர் ஊற்றி மூடிவைத்த சோற்றை உப்பிட்டுப் பிசைந்து, வெங்காயத்தையோ கருவாட்டுத் துண்டையோ கடித்துக்கொண்டு உண்டுவிட்டுப் புறப்படும் வழக்கம் இப்பகுதியில் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. அந்த ஏழையின் உணவு இன்று விஞ்ஞானிகளின் மேஜைமீது ஏறியிருக்கிறது. தண்டையார்பேட்டைக்குத் தெற்கே ஓரிரு மைல் தொலைவிலுள்ள ஸ்டான்லி அரசினர் மருத்துவமனையின் குடல், ஈரல் சிகிச்சை நிபுணர்கள், பழைய சோறு குடல் வியாதிகளைத் தணிக்க வல்லதா என்பதைச் சர்க்கார் நிதியுதவியுடன் ஆராயும் முயற்சியை இந்த 2020-களின் தொடக்கத்தில் மேற்கொண்டனர். அதைப்பற்றி நம்பிக்கை ஊட்டும் செய்திகள் பத்திரிகைகளில் அவ்வப்போது வந்துகொண்டிருக்கின்றன.

இந்த ஆராய்ச்சி நடக்கும் இடத்தின் பொருத்தத்தை வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய தலைமுறையினர் இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைக்கின்றனர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பசியால் வாடிய ஜனங்களுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது அது. 2009-ஆம் ஆண்டில் ஏழை நோயாளிக்கு ஈரல் மாற்று அறுவையைச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே செய்து காட்டிய பெருமையும் அதற்கு உண்டு. கஞ்சி வார்த்த இடத்தில் இன்று நீர்ச்சோற்றின் மகிமை ஆராயப்படுவதைக் கேட்டு மகிழாத தமிழர் இரார். நாமும் மகிழ்கிறோம். ஆனால் மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையையும் சொல்லவேண்டியது நமது கடமையாகிறது.

இந்த விஷயத்தில் இருவகை மனிதர்களைக் காண்கிறோம். மேனாட்டுப் புட்டியில் அடைத்து வந்தாலன்றி எதையும் மருந்தென்று ஒப்பாதவர் ஒருவகை. பழைய சோறு என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் சுளிக்கிறார். நம் முன்னோர் உண்டது எதுவாயினும் சர்வரோக நிவாரணி என்று அந்தக் கணமே ஜயபேரிகை கொட்டுகிறவர் மற்றொருவகை. முதல்வரின் அடிமை மனப்பான்மையைப்பற்றி நாம் எழுதியது போதும். இரண்டாமவர் நம் கட்சிக்காரர். நம்மைப் போலவே தேசபக்தி உள்ளவர். ஆதலால் அவரிடமே இன்று பேச விரும்புகிறோம்.

பழைய சோற்றின் பக்கம் நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். அரிசியை வேகவைத்து ஆறவிட்டால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் ஜீரணமாகாத தன்மையை அடைகிறது. அது பெருங்குடலை அடைந்து அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து ஒருவகை அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அந்த அமிலங்களே முக்கியமான எரிபொருள். அவற்றின் துணையால் குடல், உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. இரவெல்லாம் நீரில் ஊறிப் புளிக்கும் சோற்றில் பால் புளிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. இவை யாவும் சோதனைச் சாலைகளில் கண்டறியப்பட்ட உண்மைகள்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்றும் உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவர் தோழர்களும் காலரா கண்ட 48 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்த முடிவு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரசித்தமான மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்புச் சர்க்கரை நீர். மற்றொரு பிரிவினருக்கு அத்துடன் அரிசி மாவு. மூன்றாம் பிரிவினருக்குச் சிறுகுடலில் எளிதில் ஜீரணமாகாத மக்காச்சோள மாவு. மூன்றாம் பிரிவினருக்கே பேதி விரைவில் நின்றது. உடலிலிருந்து வெளியேறிய நீரும் குறைந்தது. ஜீரணமாகாத மாவுச்சத்து வியாதியுற்ற குடலுக்கு உதவும் என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் அங்கே கொடுத்தது மக்காச்சோள மாவு, பழைய சோறன்று. வந்த வியாதி காலரா. ஆண்டுக்கணக்கில் இரத்தமும் சீதமுமாகப் போய் இளைஞர்களை உருக்கும் பெருங்குடல் அழற்சியன்று. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு எடுத்துச் சூட்டுவது விஞ்ஞானமாகாது.

இப்போது ஊரில் உலாவும் கதைகளைப் பாருங்கள். பழைய சோற்றில் இரும்புச்சத்து இரவோடிரவாகப் பன்மடங்கு பெருகிவிடுகிறது என்கிறார்கள். இரும்பு என்பது ஒரு மூலப்பொருள். எந்த நுண்ணுயிராலும் அதை உண்டாக்க முடியாது. அரிசியிலும் நீரிலும் பாத்திரத்திலும் இருக்கும் இரும்பை உடல் கிரகிக்க எளிதாக்கலாம், அவ்வளவே. இந்தச் சிறு யோசனைகூட இன்றி ஒரு கணக்கு வாய்க்கு வாய் பரவுகிறதென்றால், நாம் உண்மையைத் தேடுகிறோமா, புகழ்ச்சியைத் தேடுகிறோமா என்ற கேள்வி எழுகிறது.

புகழ்ச்சி உண்மையை முந்திக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு பாடம் உண்டு. அது கீழாநெல்லியின் சரித்திரம்.

மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டுக் குழந்தையும் அறிந்த வைத்தியம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் பரூச் பிளம்பெர்க்குடன் சேர்ந்து அந்த மூலிகையை ஆராய்ந்தார். அக்கிருமியை நெடுநாளாகத் தம் உடலில் தாங்கி நின்றவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுக்கப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988-இல் இந்த முடிவு லண்டன் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியானபோது தேசமெங்கும் உண்டான பூரிப்பைச் சொல்லி முடியாது. அது பூர்வாங்க ஆராய்ச்சியே என்று ஆராய்ந்தவர்களே எழுதியிருந்தனர். அந்தச் சொல் ஆரவாரத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை.

பிறகு நடந்தது என்ன? 1990-இல் தாய்லாந்தில் அதே மூலிகையைக் கொடுத்துப் பார்த்தனர், பலனில்லை. 1994-இல் நியூசிலாந்திலும் நமது பம்பாயிலும் பார்த்தனர், பலனில்லை. செடி விளைந்த மண்ணும் பறித்த பருவமும் வேறு என்று சமாதானம் கூறப்பட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்தால் தவறாமல் பலிக்கும் என்று எவராலும் நிலைநாட்ட முடியவில்லை. பல தேசத்துச் சோதனைகளையும் ஒருங்கே எடைபோட்டவர்கள் 2011-இல், ஹெபடைடிஸ்-பி வியாதிக்குக் கீழாநெல்லி பலன் தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தனர்.

கீழாநெல்லியால் காமாலை தீர்ந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறோமே என்று பலர் கேட்பார்கள். கண்டிருப்பார்கள், அதில் பொய்யில்லை. மஞ்சட்காமாலை என்பது ஒரு வியாதியின் பெயரன்று. பல வியாதிகளுக்குப் பொதுவான அடையாளம். அசுத்த நீரால் வரும் ஏ வகை, ஈ வகை ஈரல் அழற்சிகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். கீழாநெல்லி உண்டவன் குணமானான், உண்ணாதவனும் குணமானான். உண்டவனை ஊர் நினைவில் வைத்துக்கொண்டது. உண்ணாதவனை எவரும் எண்ணவில்லை. மருந்துண்டவனையும் உண்ணாதவனையும் எதிரெதிரே நிறுத்தி எண்ணிப் பார்ப்பதற்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர். அந்த எண்ணிக்கை இல்லாத இடத்தில் நம்பிக்கை உண்டு, ஞானம் இல்லை.

இந்த நம்பிக்கையின் விலையைக் கொடுப்பவர் யார்? கட்டுரை எழுதுகிறவரும் மேடையில் பேசுகிறவரும் அல்லர். ஈரல் நலிந்து வயிற்றில் நீர் கோத்த பின்னர், மூன்று மாதம் பத்தியமும் பச்சிலையும் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் தொழிலாளியே கொடுக்கிறான். பச்சிலை எல்லாம் பாதுகாப்பானது என்ற எண்ணமும் சரியன்று. ஈரலைப் புண்படுத்தும் மூலிகைகளும் உண்டு. மருந்தில் கலக்கும் உலோகங்களும் உண்டு.

நம் நாட்டு அறிவு உலகை வென்ற வரலாறு இல்லையா என்றால், உண்டு. அது எண்ணிக்கையின் வழியாகவே வென்றது.

காலராக் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் வைத்து ராபர்ட் காக் உறுதிப்படுத்தினார். அக்கிருமி மனிதனை எப்படிக் கொல்கிறது என்பது அதன்பின் முக்கால் நூற்றாண்டு புலப்படவில்லை. 1959-இல் கல்கத்தாவின் சம்புநாத் டே, முயலின் குடலைத் துண்டாகக் கட்டி, கிருமி நீக்கிய வடிநீரைச் செலுத்திப் பார்த்து, கிருமி விடும் ஒரு நஞ்சே குடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்கிறது என்று நிரூபித்தார். நீரை இழப்பதால் மரணம் நேர்கிறதென்றால், இழந்த நீரை மீட்டுக் கொடுத்தால் உயிர் மீளுமன்றோ? குளுக்கோஸும் உப்பும் சேர்ந்திருந்தால் வியாதியுற்ற குடலும் நீரை உறிஞ்சும் என்ற உண்மை 1960-களில் தெளிவாயிற்று. 1971-இல் வங்க அகதிகள் வெள்ளமாக வந்து குவிந்த எல்லையோரத்துப் பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹாலநபிஸ் உப்பையும் சோடா உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கலந்து பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் உறவினரையே வார்க்கச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கிற்று. உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் காத்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தின் கதை இது. மஹாலநபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

இதே கதையில், பலரும் அறியாத ஒரு முன்னுரை உண்டு. நமது விஷயத்துக்கு அதுவே முக்கியம். மஹாலநபிஸுக்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா வைத்தியர், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் காலரா நோயாளிகளைப் பிழைக்கவைத்ததாக அதே 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார். நமது கொல்லைப்புறத்துக் கற்பூரவள்ளி இலையின் சாற்றையும் அவர் பயன்படுத்தியிருந்தார். அவர் கண்டது உண்மை. ஆனால் அம்மருந்து பெறாத நோயாளிகளை எதிரே நிறுத்தி அவர் ஒப்பிட்டுக் காட்டவில்லை. உடலில் புகுந்த நீரையும் வெளியேறிய நீரையும் அளந்து காட்டவுமில்லை. உலகம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பன் சொன்னதால் வெள்ளையன் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். அதிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆயினும் நிரூபணத்தின் குறையே அவர்கள் கையில் சாக்காக அமைந்தது. அந்த 18 ஆண்டுகளில் மாண்ட குழந்தைகளை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. உண்மை நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. அதை மறுக்கமுடியாதபடி நிலைநாட்டும் உழைப்பும் வேண்டும்.

அவ்வுழைப்பு நம் நாட்டில் இன்று இல்லாமலில்லை. டில்லியில் பிறந்த குழந்தைகளிடம் 1980-களில் கண்ட ஒரு வைரஸ் கிருமியிலிருந்தே ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு உள்நாட்டுத் தடுப்பு மருந்து பிறந்தது. டில்லி, புனா, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அதைச் சோதித்தனர். கடும் வியாதியில் பாதிக்குச் சற்று அதிகமே அது தடுக்கிறது என்ற முடிவை 2014-இல் மறைக்காமல் வெளியிட்டனர். முழு வெற்றி என்று முழங்காமல், பாதி வெற்றியைப் பாதி வெற்றி என்றே சொன்னதால்தான் உலகம் அதை ஏற்றுக்கொண்டது. 2016 முதல் நம் குழந்தைகளுக்கு அது இலவசமாகக் கிடைத்துவருகிறது. உணவைப்பற்றிய ஆராய்ச்சிக்கும் முன்மாதிரி உண்டு. பெருங்குடல் அழற்சி கண்ட 66 பேரை டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருந்து; மற்றப் பிரிவினருக்கு அழற்சி தணிக்கும் உணவுத் திட்டமும், நலமுள்ளவர் குடலின் நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் சேர்க்கும் சிகிச்சையும். எட்டு வாரத்தில் முதற்பிரிவில் நூற்றுக்கு 32 பேரும் இரண்டாம் பிரிவில் 60 பேரும் வியாதியின் அறிகுறி தணியப்பெற்றனர். 2022-இல் வெளிவந்த இந்த முடிவு, உணவும் குடல் நுண்ணுயிரும் இவ்வியாதியில் பங்கு கொள்கின்றன என்பதை நம் நாட்டு நோயாளிகளைக் கொண்டே காட்டியிருக்கிறது.

ஆதலால் ஸ்டான்லி ஆராய்ச்சியைப்பற்றி நாம் கேட்பது இவ்வளவே. பழைய சோறு உண்டவரையும் உண்ணாதவரையும் ஒப்பிட்ட கணக்கு முழுமையாக வெளிவரவேண்டும். எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் பாதியில் விலகினர், எவருக்குப் பலித்தது, எவருக்குப் பலிக்கவில்லை என்பவை ஒன்றும் விடாமல் அச்சில் வரவேண்டும். பலித்ததென்றால் மதுரையிலோ வேலூரிலோ இன்னொரு கூட்டத்தார் அதைத் திரும்பச் செய்து பார்க்கவேண்டும். பலிக்கவில்லையென்றால் அதையும் தலைநிமிர்ந்து சொல்லவேண்டும். நம் சோறு தோற்றால் நம் மானம் போய்விடாது. தோற்றதை மறைத்தால்தான் போகும்.

இனி, எவரும் பேசாத ஒரு விஷயத்துக்கு வருகிறோம். பழைய சோற்றில் பாதி சோறு, மறுபாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் எத்தகையது?

ஆராய்ச்சிக்காகத் தயாராகும் சோற்றுக்குச் சுத்தமான நீரை ஊற்றுவார்கள். தண்டையார்பேட்டைச் சந்துகளில் வாழும் தாய், குழாயில் வந்ததையோ லாரியில் வந்ததையோ குடத்தில் பிடித்து ஊற்றுகிறாள். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்ற முறையீடு வடசென்னைக்குப் புதிதன்று. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி நீரில் பெட்ரோலிய எண்ணெய் கலந்து, கிணற்று நீர் தீப்பற்றும் எண்ணெயாக மாறிய கேவலத்தை நாடு பார்த்தது. பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போயிற்று. மீஞ்சூரையடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010 முதல் இருக்கிறது. கடலைக் குடிநீராக்கும் வித்தை நமக்குக் கைவந்துவிட்டது. குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்து வைக்கும் வித்தை மட்டும் கைகூடவில்லை. அசுத்த நீரில் இரவெல்லாம் ஊறிய சோற்றில் நல்ல நுண்ணுயிர் மட்டுமே பெருகும் என்று யார் உத்தரவாதம் அளிக்கமுடியும்? வெந்த அரிசியைச் சூட்டில் நெடுநேரம் வைத்திருந்தால் வாந்தி பேதி உண்டாக்கும் கிருமி பெருகுவதும் மருத்துவர்கள் அறிந்ததே.

நீர் கெட்டால் குடலோடு ஈரலும் கெடும் என்பதை நம் தலைநகரமே கண்டிருக்கிறது. 1955-56-இல் டில்லியில் யமுனைக் குடிநீரோடு சாக்கடை கலந்து சுமார் 29,000 பேர் காமாலையில் விழுந்தனர். அது ஈ வகை ஈரல் அழற்சி என்று பிற்பாடு சேமித்து வைத்திருந்த இரத்தத்தைச் சோதித்து அறிந்தனர். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே தணியும் அந்த வியாதி, நிறைமாதக் கர்ப்பிணிகளைக் கொல்கிறது.

சென்னைக்கும் அத்தகைய ஓர் அத்தியாயம் உண்டு. 1992 அக்டோபரில் இந்நகரில் ஒரு காலரா தோன்றியது. கொள்ளைநோயாகப் பரவும் காலரா ஓ-1 என்ற ஒரே குலத்துக் கிருமியால்தான் வரும் என்று உலகம் அதுவரை நம்பியிருந்தது. சென்னையில் கண்டது வேறு குலம். பழைய காலராவைக் கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்திற்று. வங்கக் கடற்கரையோரமாகவே வடக்கே சென்று, 1993-இல் வங்கதேசத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் தாக்கிற்று. ஓ-139 என்று எண்ணிட்டு, வங்கக் கடலின் பெயரையும் அதற்குச் சூட்டினர். பின்னர் வந்த வாய்வழித் தடுப்பு மருந்துகளில் இந்தக் கிருமிக்கெதிரான காப்பும் சேர்க்கப்பட்டது. இப்போது அக்கிருமி ஒடுங்கிவிட்டதால், 2024-இல் ஹைதராபாத்தில் வெளியிடப்பட்ட புதிய மருந்தில் ஓ-1 மட்டுமே இருக்கிறது. அதில் குற்றமில்லை. ஆனால் மறுபடி அது தலைதூக்கினால் முதலில் கண்டறியவேண்டியவர்கள் யார்? சென்னை மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருப்பது தண்டையார்பேட்டையிலேதான். பேதியோடு அங்கே வரும் ஏழையின் மலத்தைச் சோதிக்கும் ஒரு சாதாரணச் சோதனைச் சாலைப் பணியாளர், உலகத்தின் காவற்காரர்களில் ஒருவர். அவருக்கு வேண்டிய கருவியும் ஆளும் குறைவின்றிக் கிடைக்கின்றனவா என்று கேட்பது, பழைய சோற்றைப்பற்றிப் பெருமை பேசுவதைக் காட்டிலும் அவசரமான காரியம்.

ஈரல் வியாதிகளில் விஞ்ஞானம் உண்மையாகவே வென்றவற்றை ஜனங்களிடம் கொண்டுசெல்வதும் அவசரமான காரியமே. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் பி வகைக் கிருமியையும், 55 லட்சம் பேர் சி வகைக் கிருமியையும் உடலில் தாங்கியிருப்பதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் மிகப் பலர் தமக்கு அது இருப்பதையே அறியார். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து பி வகை தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்தபின் ஈரல் சுருங்கவும் புற்று உண்டாகவும் அதுவே வேராகிறது. இதைத் தடுக்க, பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியும், பிறகு உரிய தவணைகளில் மற்ற ஊசிகளும் போடவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த ஊசி பணக்காரரின் சொத்தாக இருந்த காலத்தில், 1997-இல், ஹைதராபாத்தில் ஓர் இந்தியக் கம்பெனி அதை உள்நாட்டிலேயே உண்டாக்கி விலையைச் சரித்தது. 2011 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு அது இலவசம். கீழாநெல்லியால் வெல்ல இயலாத கிருமியைச் சுதேசி ஊசி வாசலிலேயே தடுத்துவிடுகிறது. சி வகைக்கோ, 12 வாரம் மாத்திரை விழுங்கினால் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டோர் முற்றும் குணமடைகின்றனர். அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு 84,000 டாலர் விலை சொன்ன அந்த மருந்தை, 2015 முதல் இந்தியக் கம்பெனிகள் அதில் சிறு பங்கு விலைக்குச் செய்துவருகின்றன. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவ்வியாதிகளுக்குச் சோதனையும் சிகிச்சையும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

இச்செய்தி எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கிறது? தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சங்கங்களிலும் வாசகசாலைகளிலும் பணிபுரியும் நண்பர்களுக்கு நாம் விண்ணப்பம் செய்கிறோம். உங்கள் அடுத்த கூட்டத்தில் பழைய சோற்றின் பெருமையைப் பேசுங்கள், தடையில்லை. ஆனால் அதே மேடையில், ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்ளும்படியும், பிறந்த குழந்தைக்கு அன்றே ஊசி போடும்படியும், கண் மஞ்சளித்தால் பச்சிலையோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லும்படியும் சொல்லுங்கள். பேதி கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்துக் கொடுக்கும்படி சொல்லுங்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து குடிநீர் வாரிய அலுவலகத்துக்குச் சென்று, ஒவ்வொரு தெருக்குழாயின் நீரையும் சோதித்த முடிவை அந்தந்தத் தெருவிலேயே எழுதிவைக்கும்படி கேளுங்கள். விஞ்ஞானியிடம் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டென்றால், சர்க்காரிடமும் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் முன்னோர் வறுமையில் கண்டெடுத்த உணவு அது. அதை ஆராய்வது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. ஆராயாமல் புகழ்வது மரியாதை ஆகாது. முடிவு வரட்டும்; பொறுத்திருப்போம். அந்த முடிவு எதுவாயினும், நாளைக் காலையில் தண்டையார்பேட்டைத் தொழிலாளி கையை நனைக்கும் அந்தச் சோற்றுப் பாத்திரத்தில் இன்றிரவு ஊற்றப்போகும் தண்ணீர் சுத்தமாக இருக்கவேண்டும். அதற்கு எந்த ஆராய்ச்சி முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.